வயிற்றுத் தசைப் பிரிவு: ஒரு திருப்பூர் டெய்லரின் ஆறாம் மாதக் கர்ப்பம் முதல் வேலைக்குத் திரும்பும் வரை

கர்ப்பத்தால் வயிற்றின் முன்பக்கத் தசைகள் நடுவில் விலகி இடைவெளி விழுவதுதான் வயிற்றுத் தசைப் பிரிவு; விரலைக் குறுக்கே வைத்து அந்த இடைவெளியை அளக்கிறோம். இதைக் கேள்விப்பட்டு வரும் பெண்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை விரல் கேப் இருக்கு?" என்றுதான். சொல்லித்தரும் நாமும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே தொங்குகிறோம். நாலு விரல் மூணானால் சந்தோஷம், மூணிலேயே நின்றால் சிகிச்சை தோல்வி என்கிற கணக்கு. கீழே எழுதியிருக்கும் பெண்ணுக்கு இடைவெளி இன்னும் முழுதாக மூடவில்லை, ஆனாலும் அவர் துணிப் பண்டல் தூக்குகிறார், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார், இருமினால் பயப்படுவதில்லை. எண் முழுதாகச் சரியாகாமலே வேறு எதெல்லாம் மாறியது, அதை எப்படிச் சொல்லிக்கொடுத்தோம் என்பதை விரிவாக எழுதினால் கர்ப்பிணிகளுக்கும் பிரசவமான பெண்களுக்கும் உடற்பயிற்சி சொல்லித்தருகிற மற்றவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு 28 வயது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட் (தைக்கிற எண்ணிக்கைக்குத்தான் கூலி). ஆர்டர் இருக்கும் நாட்களில் ஒன்றரை ஷிப்ட் ஓடும். மூத்த பெண்ணுக்கு நாலு வயது, அது சுகப்பிரசவம். இரண்டாவது கர்ப்பத்தில் 24-ஆவது வாரம், இடுப்பு வலி என்று அவருடைய மகப்பேறு மருத்துவர் பிசியோதெரபிஸ்ட்டான என்னிடம் அனுப்பினார். ரத்த அழுத்தம் சரி, ஹீமோகுளோபின் 10.2, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கவில்லை என்று ஸ்கேன் சொன்னது. பயிற்சிக்குத் தடை எதுவும் இல்லை என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருந்தார். இந்தச் சீட்டு இல்லாமல் நான் எந்தக் கர்ப்பிணிக்கும் ஆரம்பிப்பதில்லை.

இடுப்பைப் பார்த்து முடித்து "எழுந்திருங்க" என்றேன். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, நேராக நிமிர்ந்து எழப் பார்த்தார். நெஞ்செலும்புக்குக் கீழிருந்து தொப்புள் வரை வயிற்றின் நடுவே ஒரு மேடு நீளவாக்கில் எழும்பி நின்றது. அவரே அதைக் காட்டினார். "ஏனுங்க அக்கா, இதத்தான் கேக்கோணும்னு இருந்தேன். குழந்தை தலை முட்டுதுங்களா?"

முட்டவில்லை. வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைகளாக ரெக்டஸ் தசைகள் ஓடுகின்றன, இரண்டையும் நடுவில் இணைப்பது லீனியா ஆல்பா என்கிற இணைப்புத் திசு. வயிறு வளர வளர அந்தத் திசு அகலமாகி மெலிகிறது, தசைகள் இரண்டு பக்கமும் ஒதுங்குகின்றன. உள்ளே அழுத்தம் கூடும் நேரத்தில், அதாவது நேராக எழும்போதும் மூச்சடக்கி எதையாவது தூக்கும்போதும், மெலிந்த நடுப்பகுதி வெளியே தள்ளுகிறது. அந்த மேடு அதுதான். இதைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப தையல் பிரியலைங்க, எலாஸ்டிக்தான் இழுபட்டுருச்சு" என்றார். இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, அதற்கப்புறம் வருகிற எல்லோருக்கும் அவர் வாக்கியத்தைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் அவருக்குச் சொன்ன இன்னொரு விஷயம், 2015-இல் வெளியான ஒரு போர்ச்சுகல் ஆய்வைப் பற்றியது. முதல் பிள்ளை சுமந்த பெண்களை அதில் அளந்து பார்த்தார்கள். 35-ஆவது வாரத்தில் அளக்கப்பட்ட அத்தனை பேருக்கும், நூற்றுக்கு நூறு, இடைவெளி இருந்தது. பிரசவமாகி ஆறு மாதத்தில் அது 39 சதவீதம் பேரிடம் மட்டும் மிஞ்சியது. ஆகவே கர்ப்ப காலத்தில் இடைவெளி விழுவதைத் தடுக்க வேண்டும் என்று பயிற்சி கொடுப்பதில் அர்த்தமே இல்லை, அது விழத்தான் செய்யும், பிள்ளைக்கு இடம் வேண்டுமே. நம் வேலை அந்தப் பெண் பிரசவம் வரை பலமாகவும் வலி குறைவாகவும் நடமாட உதவுவது, அந்த மேட்டைத் திரும்பத் திரும்பத் தள்ளவிடாத பழக்கங்களைக் கற்றுக்கொடுப்பது.

அவருக்கு ஏற்கெனவே இரண்டு பக்கத்திலிருந்தும் ஆலோசனை கிடைத்திருந்தது. நாத்தனார் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு "குனியாத, தூக்காத, படுத்தே இரு" என்றிருக்கிறார். அவரே பார்த்த வேறொரு வீடியோ, மூத்தவள் பிறந்தபின் தொப்பை குறையத் தினமும் நூறு சிட்-அப் எடுக்கச் சொல்லியிருக்கிறது, கொஞ்ச காலம் எடுத்தும் இருக்கிறார். இரண்டுமே அவர் வயிற்றைப் பார்க்காமல் சொன்னவை. இதில் எனக்கு அதிக வருத்தம் தருவது முதலாவதுதான். சும்மா படுத்திருந்தால் தசை இன்னும் தளரும், இடுப்பு வலி கூடும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏற வாய்ப்பாகும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை ஏதும் இல்லாத கர்ப்பிணிகளுக்கும் பிரசவமான பெண்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்றுதான் இருக்கிறது.

கர்ப்ப காலத்தில் செய்தது

முதல் அமர்வு முழுக்க எழுந்திருப்பதற்கே போய்விட்டது. ஒருக்களித்துத் திரும்பு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடு, கையை ஊன்றி, வாயால் ஊதிக்கொண்டே எழு. இவ்வளவுதான். ஆனால் இரவில் மூணு நாலு தடவை சிறுநீர் கழிக்க எழும் ஒரு பெண் ஒவ்வொரு தடவையும் நேராக நிமிர்ந்து எழுந்தால், நாம் பகலில் சொல்லித்தரும் எந்தப் பயிற்சிக்கும் மதிப்பில்லை. அவர் கணவரையும் கூப்பிட்டு, போனில் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொன்னேன். முதலில் பழைய மாதிரி எழுவது, அப்புறம் புது மாதிரி. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்ததும் மேடு எழும்புவதும் எழும்பாததும் அவர் கண்ணுக்கே தெரிந்தது. இதற்குப் பிறகு நான் எதையும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூச்சுதான் கொஞ்சம் இழுத்தடித்தது. "வயிற்றை உள்ளே இழுங்க" என்று சொன்னால் நம் பெண்களில் பெரும்பாலோர் நெஞ்சைத் தூக்கி, மேல்வயிற்றை இறுக்கி, மூச்சை அடக்கிவிடுகிறார்கள். அழுத்தம் அப்போது கீழே, சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் மேல் போய் உட்காருகிறது. அவரும் அதைத்தான் செய்தார். ஆகவே அந்த வார்த்தையையே விட்டுவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு உள்ளே போகும்போது விலாவின் பக்கங்கள் விரியட்டும், வெளியே ஊதும்போது சிறுநீரை அடக்குவதுபோல் கீழிருந்து மெதுவாக மேலே தூக்குங்கள், அப்படியே முழுதாக விட்டுவிடுங்கள். இந்த விடுவது ரொம்ப முக்கியம். எப்போதும் இறுக்கியே வைத்திருப்பவருக்குப் பிரசவத்தின்போது அந்தத் தசைகளைத் தளர்த்தத் தெரிவதில்லை. (சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகச் சிலர் சொல்லித்தருகிறார்கள். வேண்டாம், உணர்வைப் புரிந்துகொள்ள அந்த உவமை போதும்.)

மற்ற பயிற்சிகள் எளியவை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பக்கவாட்டில் படுத்து மேல் முழங்காலைத் திறப்பது, குதிகால் உயர்த்துவது. கை முழங்கால் ஊன்றி முதுகை வளைத்து நிமிர்வதும் கொடுத்தேன், கர்ப்பம் முற்றிய பிறகு அந்த நிலையில் மேடு தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டோம். நேர் மல்லாக்காகப் படுத்தால் தலை லேசாகச் சுற்றுகிறது என்றதால் படுத்துச் செய்வதெல்லாம் தலையணை அடுக்கிச் சாய்ந்து அல்லது பக்கவாட்டில். நடை, காலையில் வெயில் ஏறுமுன். பேச்சு வருகிற அளவு வேகம், பாட்டுப் பாட முடியாத அளவு வேகம். ரத்தம் பட்டாலோ, தண்ணீர் கசிந்தாலோ, சீராக வயிறு இறுகி வலித்தாலோ, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை அவருக்கும் கணவருக்கும் சேர்த்தே சொன்னேன், அதைத் தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள்.

பிரசவம், பேறுகாலம்

39-ஆவது வாரத்தில் சிசேரியன். பிள்ளையின் இதயத் துடிப்பு குறைந்ததால் முடிவு செய்தார்கள். தமிழ்நாட்டில் பிரசவமான பெண்களுக்குப் பயிற்சி சொல்லித்தருபவர் சிசேரியன் தழும்பை விதிவிலக்காக நினைக்கவே முடியாது, 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன்தான். "கத்தி வச்சதாலதான் தசை பிரிஞ்சுபோச்சா?" என்று எல்லோரும் கேட்பார்கள். வழக்கமான சிசேரியனில் ரெக்டஸ் தசையை வெட்டுவதில்லை, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒதுக்கித்தான் உள்ளே போகிறார்கள். இடைவெளி கர்ப்பத்தின்போதே வந்தது. ஆனால் தோலும் அதன் கீழே உள்ள உறையும் வெட்டித் தைக்கப்பட்டிருக்கிறது, அது ஆற வேண்டும்.

முதல் நாட்களில் பயிற்சி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கணுக்காலை ஆட்டுவது, ஆழ மூச்சு, இருமும்போது தையல்மேல் தலையணையை அணைத்துக்கொள்வது, ஒருக்களித்து எழுவது, வீட்டுக்குள் நடப்பது. ஒருக்களித்து எழுவது ஆறாம் மாதத்திலிருந்து பழக்கமாகியிருந்ததால் ஆபரேஷனுக்கு மறுநாளே தானாக எழுந்தார், பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்தாராம்.

வீட்டில் அவருடைய அமுச்சி (அம்மாவின் அம்மா) பேறுகாலம் பார்க்க வந்திருந்தார். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார். இதைப் பார்த்ததும் "மூடநம்பிக்கை" என்று முகம் சுளிக்கும் சக பிசியோதெரபிஸ்ட்டுகளை எனக்குத் தெரியும், நான் அப்படி நினைக்கவில்லை. ஆரம்ப வாரங்களில், அதுவும் சிசேரியனுக்குப் பிறகு, மிதமான கட்டு வலியைக் குறைக்கும், எழுந்து நடக்கத் தைரியம் தரும். பிரிந்த தசையை அது சேர்த்து வைக்காது, அவ்வளவுதான். இங்கே பிரச்சினை கட்டிய விதம். விலாவை நெரித்து மேலிருந்து கீழாக இறுக்கியிருந்தார், மூச்சு முழுதாக உள்ளே போகவில்லை, அழுத்தம் எல்லாம் கீழே. இருமினால் சிறுநீர் கசிகிறது என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அப்போதுதான். அமுச்சியிடம் "நீங்களே கட்டுங்க, ஆனா இடுப்பெலும்புல ஆரம்பிச்சு மேல வாங்க, உள்ள ரெண்டு விரல் நுழையோணும், தூங்கறப்போ அவுத்துருங்க" என்றேன். அந்த அம்மா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கேட்டுக் கேட்டுக் கட்டினார்.

கஷ்டமாக இருந்தது பத்தியம்தான். தண்ணீர் நிறையக் குடித்தால் வயிறு போடும் என்று அளந்து கொடுத்தார்கள், காய்கறி பாதி விலக்கு, கூடவே இரும்பு மாத்திரை. மலச்சிக்கல் வராமல் என்ன செய்யும்? ஒவ்வொரு நாளும் கழிவறையில் மூச்சடக்கி முக்கும் பெண்ணுக்கு நாம் என்ன பயிற்சி கொடுத்தாலும் காலையிலேயே அது கரைந்துபோகிறது. பால் சுரக்கவும் தண்ணீர் வேண்டும் என்கிற வழியில் போய்த்தான் அமுச்சியைச் சம்மதிக்க வைக்க முடிந்தது. பூண்டு, கருவாடு எதிலும் நான் தலையிடவில்லை, தண்ணீரும் கீரையும் கூடின, அவ்வளவுதான் மாற்றம். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட், காலுக்கடியில் ஒரு சின்ன ஸ்டூல், முன்னால் சாய்ந்து, வாயைத் திறந்து ஊதிக்கொண்டே. இரண்டு வாரத்தில் மலச்சிக்கல் பெரும்பாலும் சரியாகிவிட்டது.

ஏழாவது வாரப் பரிசோதனை

மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொல்லிவிட்டு விரலைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். தொப்புளுக்கு மேலே நாலு விரல், தொப்புளில் நாலு, கீழே இரண்டு. அகலத்தைவிட ஆழம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது, விரல்கள் தடையே இல்லாமல் உள்ளே இறங்கின. அப்புறம் அதே பரிசோதனை, இந்த முறை முதலில் ஊதி, கீழிருந்து தூக்கி, பிறகு தலையை உயர்த்தச் சொன்னேன். அகலம் அப்படியேதான் இருந்தது, ஆனால் விரலுக்கடியில் திசு விறைத்து நின்றது, மேடும் பாதியாகத் தணிந்தது. சிகிச்சை எந்தத் திசையில் போக வேண்டும் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

தொப்புளில் ஒரு சிறு புடைப்பு இருந்ததால் குடலிறக்கம் இல்லையென்று உறுதிப்படுத்த அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். ஸ்கேனில் குடலிறக்கம் இல்லை, தொப்புளுக்கு மேலே இடைவெளி 38 மில்லிமீட்டர். பிள்ளை பெறாத பெண்களிலேயே தொப்புளுக்கு 3 சென்டிமீட்டர் மேலே 22 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு என்று 2009-இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. பூஜ்ஜியம்தான் இயல்பு என்பது கிடையாது. இதைத் தெரியாமல்தான் பல பெண்கள் ஒரு விரல் இடைவெளிக்கே அழுகிறார்கள்.

அவர் பீஸ் ரேட்டில், ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இல்லாமல் வேலை செய்தவர். சட்டத்தில் 26 வாரச் சம்பள விடுப்பு இருக்கிறது, அவர் கைக்கு அது வரவில்லை. ஐந்தாம் மாதம் வேலைக்குப் போயாக வேண்டும். ஆகவே எங்கள் இலக்கு அவருடைய தையல் டேபிளைச் சுற்றித்தான்: நாலு மணி நேரம் உட்கார்வது, தரையிலிருந்து பண்டல் எடுப்பது, பிள்ளையைத் தூக்குவது. முதல் ஒரு மாதம் மூச்சு, படுத்த நிலையில் குதிகாலை ஒவ்வொன்றாகச் சறுக்கி நீட்டுவது, இடுப்பைத் தூக்குவது, நடை. தழும்பு நன்றாக ஆறியதும் அதைச் சுற்றித் தேங்காயெண்ணெய் தொட்டு நீவிவிடுவது. மூன்றாம் மாதத்திலிருந்து எடை. பழைய துணியைப் பையில் அடைத்து மூணு கிலோ, நாலு, ஆறு என்று ஏற்றினோம். முழங்காலை மடக்கி, பையை உடலோடு ஒட்டி, ஊதிக்கொண்டே எழுவது. எத்தனை தடவை என்று நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. மேடு எழும்பினால், கீழே கனம் தெரிந்தால், சிறுநீர் கசிந்தால், மூச்சை அடக்க வேண்டியிருந்தால், அந்தத் தடவையோடு நிறுத்து, அடுத்த நாள் எடையைக் குறை. இந்த நாலையும் தானே பார்க்கத் தெரிந்துகொண்ட பெண்ணுக்கு நாம் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

நாலாம் மாதத்தில் தலையையும் தோளையும் தூக்கும் கர்ல்-அப் ஆரம்பித்தேன். இதைப் பார்த்து ஒரு சக பயிற்சியாளர் பதறினார், "டயாஸ்டாசிஸ்ல கிரஞ்ச் வாழ்நாள் முழுக்கக் கூடாதே?" என்று. (டயாஸ்டாசிஸ் என்பது இந்தத் தசைப் பிரிவுதான், கிரஞ்ச் என்பது கர்ல்-அப் மாதிரியான பயிற்சி.) அப்படித்தான் நம் எல்லோருக்கும் சொல்லித்தரப்பட்டது. ஆனால் 2016-இல் டயான் லீ, பால் ஹாட்ஜஸ் என்ற இரண்டு பிசியோதெரபி ஆய்வாளர்கள் ஸ்கேன் வைத்துப் பார்த்ததில் கர்ல்-அப் செய்யும்போது இடைவெளி குறுகத்தான் செய்தது. வயிற்றின் ஆழ்தசையை முதலில் இயக்கிவிட்டுச் செய்தால் அவ்வளவு குறுகவில்லை, ஆனால் நடுத் திசு கோணாமல் விறைப்பாக நின்றது. 2023-இல் நார்வேயில் 70 பெண்களிடம் நடந்த சோதனையில் 12 வாரம் கர்ல்-அப் செய்தவர்களுக்கு இடைவெளி பெரிதாகவில்லை, வயிற்றுத் தசைப் பலம் கூடியது. மூடவும் இல்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தடை செய்ய வேண்டியது கட்டுப்பாடில்லாமல் மேடு தள்ளத் தள்ளச் செய்யும் நூறு சிட்-அப்பை. படிப்படியாக வரும் கர்ல்-அப்பை வாழ்நாள் முழுக்க விலக்கினால், கட்டிலிலிருந்து எழும் அந்தப் பலம் எங்கிருந்து வரும்?

இடுப்பு வலியைப் பற்றி ஒன்று. நார்வேயில் 300 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2016-இல் வெளியான ஆய்வில், பிரசவமாகி ஒரு வருடத்தில் சுமார் மூன்றில் ஒருவருக்குப் பிரிவு இருந்தது, ஆனால் பிரிவு உள்ளவர்களுக்கு இடுப்பு வலி மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. ஆகவே அவர் வலிக்கு இடைவெளியை மட்டும் காரணமாகச் சொல்லாமல், அவர் உட்காரும் ஸ்டூலின் உயரம், பெடல் எட்டும் தூரம், பண்டல் வைக்கும் இடம் எல்லாம் பார்த்தோம். பண்டலைத் தரையில் போடாமல் பக்கத்தில் ஒரு கிரேட் பெட்டி மேல் வைக்க லைன் சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டது, நான் கொடுத்த பாதிப் பயிற்சிக்குச் சமம்.

இப்போது

பிரசவமாகி எட்டாம் மாதத்தில் தொப்புளில் இரண்டரை விரல், மேலே இரண்டரை, கீழே ஒன்று. நானே அளந்தது, ஏழாவது வாரத்திலும் நானே அளந்தேன். ஆளுக்கு ஆள் விரல் தடிமன் மாறுமென்பதால் இது முக்கியம். விரல் இப்போது உள்ளே இறங்குவதில்லை. இருமினாலும் தும்மினாலும் கசிவு இல்லை. எட்டுக் கிலோப் பிள்ளையைத் தரையிலிருந்து மேடு இல்லாமல் தூக்குகிறார், முழங்கால் ஊன்றிய பிளாங்க் வருகிறது. இடுப்பு வலி ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. சேலை கட்டினால் வயிறு இன்னும் கொஞ்சம் முன்னால் தெரிகிறது என்பதில் அவருக்கு வருத்தம் உண்டு, அதை நான் சின்ன விஷயமாகச் சொல்லி ஒதுக்கவில்லை; ஒரு வருடம் தாண்டியும் தொந்தரவாக இருந்தால் அறுவை மருத்துவரிடம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் மூத்தவளோடு ஸ்கிப்பிங் ஆடலாமா என்று கேட்டார். ஓட்டத்துக்குத் திரும்புவதைப் பற்றி 2019-இல் பிரிட்டனில் வந்த வழிகாட்டுதலிலுள்ள சோதனைகளை வைத்தே பார்த்தோம். அரை மணி நேர நடை சரி, ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது சரி, ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துவது வலது பக்கம் இருபது வந்தது, இடது பக்கம் பன்னிரண்டில் நின்றது, அதே இடத்தில் குதிக்கும்போது கடைசியில் லேசாகக் கசிந்தது. இன்னும் ஒரு மாதம் படியேற்றமும் இடது குதிகாலும், தாழ்வான படியிலிருந்து இறங்கிக் குதிப்பதும். அப்புறம் கயிறு.